பஸ் ஸ்டாண்டில் பரம திருப்தி அடைவது எப்படி?

கிளாம்பாக்கம் வந்தாயிற்றா? சபாஷ். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பேருந்து நிலையம், பரப்பு 88 ஏக்கர். இவ்வளவு பெரிய இடத்தில் பாதுகாப்பைத் தேடி நீங்கள் கால் கடுக்க அலைய வேண்டாம். கோயம்பேட்டிலோ மாட்டுத்தாவணியிலோ பழகியதையே இங்கும் செய்யுங்கள்.

1. மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தால் பக்கத்துச் சந்து வழியாக நுழையுங்கள். சந்து இல்லையென்றால் அதற்குள்ளேயே போங்கள், கத்தினாலும் நிற்காதீர்கள். சாவிக்கொத்துக்கும் கத்தும், டிபன் கேரியருக்கும் கத்தும்.

2. பையைத் திறக்கச் சொன்னால், "என்னைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று எகிறுங்கள். பாவம், காவலாளி ஒப்பந்த ஆள், எதிர்த்துப் பேசமாட்டார். பின்னால் வருபவரின் பையைத் திறக்காமல் விட்டால் அதற்கும் எகிறுங்கள்.

3. கழிப்பறைக்குப் போக வேண்டுமா? பெட்டியை க்ளோக் ரூமில் வைத்தால் காசு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர் இலவசம். "அண்ணே, ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அண்ணே என்று கூப்பிட்ட பிறகு அவர் உங்கள் குடும்பம். எந்த ஊர் என்றுகூடக் கேட்காதீர்கள், சந்தேகப்படுவதாக நினைத்துச் சங்கடப்படுவார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைப் பற்றி அறிவிப்பு வரும். அது வேறு யாருடையதோ.

4. போனை சார்ஜில் செருகிவிட்டு டீ குடிக்கப் போங்கள். கேமரா பார்த்துக்கொள்ளும். திரும்பி வரும்போது போன் இல்லையா? எவன் எடுத்தான், எந்தப் பக்கம் போனான் என்பதையெல்லாம் பிறகு தெளிவாகப் போட்டுக் காட்டுவார்கள்.

5. யாரோ ஒருவன் ஒரு பெண்ணை உரசிக்கொண்டு நிற்கிறானா? உடனே போனை எடுங்கள். (நாலாம் படியில் பறிகொடுத்திருந்தால் தூணில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் படியுங்கள்.) உதவி எண் 181 இருக்கிறது, 112 இருக்கிறது, காவல் உதவி செயலி இருக்கிறது. எதையும் அழுத்திவிடாமல் வாட்ஸ்அப்பைத் திறங்கள். "புருஷன் பொண்டாட்டியா இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது, உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

6. பயணிகள் திருப்தி குறித்து யாராவது படிவத்தை நீட்டுவார்கள். பாதுகாப்பு, வெளிச்சம், காவலர் நடத்தை எனக் கேள்விகள் வரிசையாக இருக்கும். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், படிக்க ஏது நேரம்? மேலிருந்து கீழே 'மிகவும் திருப்தி' என்று ஒரே கோடாக டிக் அடியுங்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.