சும்மா இருப்போர் இலக்கணம்: திரையிசை மேடையின் கடைசி வரிசை பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுவது நலம். அரங்கில் பெரிய திரை. அதில் படம் ஓடும். வசனமும் மற்ற சத்தங்களும் ஒலிபெருக்கியில் வரும். பின்னணி இசையை மட்டும் படத்திலிருந்து உருவியெடுத்துவிட்டு, திரைக்குக் கீழே எண்பது பேர் உட்கார்ந்து நேரில் வாசிப்பார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது தீராத வழக்கு. படத்தைப் பார்ப்பதென்றால் வீட்டிலேயே லுங்கியோடு பார்த்திருக்கலாம். வாசிப்பவர்களைப் பார்ப்பதென்றால் தலைக்கு மேல் அந்தத் திரை எதற்கு? இவ்விரு கட்சியும் அல்லாத மூன்றாம் கட்சி ஒன்று உண்டு என்பதே இவ்வாய்வின் துணிபு. பார்க்க வேண்டியது வாசிக்காதவரை.

யார் அவர் எனின், கடைசி வரிசையில், இரண்டு வெண்கலத் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் கிடைக்காதவரைப் போல உட்கார்ந்திருப்பவர். சிம்பல்காரர்.

தமிழில் இவருக்கு மரியாதையாக ஒரு பெயர் தேடுவதிலேயே ஆய்வாளருக்குப் பாதி நாள் போயிற்று. ஜால்ரா என்றால் மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர். சிங்கி அடிக்கிறான் என்றால் கையில் காசில்லை. சோற்றுக்குத் தாளம் போடுகிறான் என்றாலும் அதே நிலைமைதான். நாகசுரக்காரருக்குப் பின்னால் மூச்சு விடாமல் சுருதி கொடுத்த ஒத்துக்காரரையும் நம் மொழி விட்டுவைக்கவில்லை. ஒத்து ஊதுபவர் ஆக்கிவிட்டது. தப்பியது பிரம்மதாளம் ஒன்றுதான், அதுவும் கோயிலை விட்டு வெளியே வராததால். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஏசப்பட்டவர்கள் எல்லாரும் ஓயாமல் ஒலித்தவர்கள். நம்மவரோ மாலை முழுவதற்கும் சில தட்டுகளோடு நிறுத்திக்கொள்பவர். ஆகவே இவரை ஜால்ரா என்பது சொற்குற்றமும் பொருட்குற்றமும் ஆம்.

(துருக்கி மொழியில் இந்தத் தட்டுக்கு ‘ஜில்’ என்று பெயர். 1623 முதல் தட்டு வார்த்துவரும் ஆர்மீனியக் குடும்பத்துக்கு ஜில்ஜியான் என்று பெயர் அமைந்தது அதனால்தான். ஜில் ஜில் ரமாமணியின் பெயரையும் இவ்வழியில் ஆராய இடமுண்டு. யாராவது நிதி கொடுத்தால் செய்யலாம்.)

இதெல்லாம் ஒரு ஆய்வா என்று முகம் சுளிப்பவர்கள் புரூக்னரின் ஏழாவது சிம்பொனியைக் கருதுக. 1884இல் லைப்சிக்கில் அரங்கேறியது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். அதன் இரண்டாம் பகுதியின் உச்சியில் சிம்பலுக்கு ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டு தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப்படியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் ‘செல்லாது’ என்று பொருள்படும் குறிப்பு வேறு. குறிப்பு யார் கை? புரூக்னரே மனம் மாறினாரா, வேறொருவர் புகுந்து விளையாடினாரா? 1944இல் பதிப்பித்த ஹாஸ் தட்டை நீக்கினார். 1954இல் பதிப்பித்த நோவாக் மறுபடி சேர்த்தார். பாடபேதம், இடைச்செருகல் என்று நம்மூர்ப் புலவர்கள் ஒரு வெண்பாவுக்காகக் கட்டிப் புரண்டதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. இங்கே சண்டை ஒரு ‘ஜிங்’குக்காக.

திரைத்துறையில் இத்துறையின் மூலநூல் ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’. 1934இல் ஒருமுறையும் 1956இல் மறுமுறையும் எடுத்தார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நடக்கிறது. சிம்பல் ஒலிக்கும் கணத்தில், அந்தச் சத்தத்தின் மறைவில், ஒரு பிரமுகரைச் சுட வேண்டும் என்பது சதி. இரண்டாம் படத்தில் ஏறக்குறைய 12 நிமிடம் வசனமே கிடையாது. இசைதான். மேடையில் நடத்துநராக நிற்பவர் அந்தப் படத்தின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், அவராகவே. அந்த 12 நிமிடமும் உலகத்திலேயே முக்கியமான மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும் சிம்பல்காரர். அவர் எழுந்து தட்டுகளைக் கையில் எடுத்தால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. வயலின்காரர் யாரையாவது பார்த்து அப்படிக் கலங்கியதுண்டா?

இதே ஹெர்மன் நான்கு ஆண்டு கழித்து இவர்களுக்குத் துரோகமும் செய்தார். ‘சைக்கோ’வுக்கு நரம்பு வாத்தியங்கள் மட்டும் போதும் என்று முடிவெடுத்தார். தாளக்காரர் முதல் டிரம்பெட்காரர் வரை எல்லாருக்கும் விடுமுறை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த ஹிட்ச்காக், வயலின்கள் கிறீச்சிட்டதைக் கேட்டபின் மனம் மாறினார் என்பது வரலாறு. அந்தப் படத்தை மேடையில் வாசிக்கும்போது சும்மா இருப்பார் எவருமில்லை. ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

அற்றேல், சும்மா இருப்பதற்கும் சம்பளமா எனின், அவர் சும்மா இல்லை என்க. அவர் முன்னால் இருக்கும் தாளில் ஒரு தடித்த கோடு, அதன் மேல் ஓர் எண். 64 என்று இருந்தால் அறுபத்து நான்கு ஆவர்த்தம் வாயைத் திறக்காமல் எண்ண வேண்டும். சபாவில் தொடையில் தாளம் போடும் மாமாக்கள் தப்பினால் பக்கத்துச் சீட்டு மாமியின் பார்வையோடு போயிற்று. இவர் தப்பினால் கதாநாயகன் முத்தமிடும்போது ‘ஜிங்’ என்று விழும். எண்ணி முடித்துத் தட்டும்போதும் நேர்நேராக அடிக்கக் கூடாது. நடுவில் காற்று சிக்கிச் சத்தம் செத்துப்போகும். சற்றே சாய்த்து உரச வேண்டும்.

இனிக் களஆய்வு. மகள் வேலை பார்க்கும் லண்டனுக்குப் போயிருந்தபோது, அதே ஆல்பர்ட் ஹாலில், ‘ஈ.டி.’ படத்துக்கு நானும் மனைவியும் உட்கார்ந்தோம். உயரமான இருக்கை. கடைசி வரிசை உள்ளங்கை போலத் தெரிந்தது. கூரையில் பெரிய பெரிய காளான்கள் தொங்கின. 1871இல் திறந்த மண்டபத்தில் எதிரொலி தாங்கவில்லை என்று 1969இல் மாட்டியவை. அதற்கு முன்பு ஒரு தட்டுத் தட்டினாலே இரண்டுக்கான பெயர் கிடைத்திருக்கும். கொடுத்து வைத்தவர்கள்.

நடத்துநர் முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் ஓடும் படத்தின் மேலேயே வண்ணக் கோடு ஒன்று நகர்ந்து போகும்; பிறகு வெள்ளையாக ஒரு பளிச். அந்த இடத்தில் இசை வந்து சேர வேண்டும். ‘ஈ.டி.’யைப் பொறுத்தவரை இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1982இல் கடைசிக் கட்டத்துக்கு ஒலிப்பதிவு செய்தபோது ஜான் வில்லியம்ஸுக்குப் படத்தோடு ஒட்டவே வரவில்லை. படத்தை நிறுத்திவிடுகிறேன், கச்சேரி மாதிரி உங்கள் மனம்போல் நடத்துங்கள் என்று ஸ்பீல்பெர்க் விட்டுவிட்டார். பிறகு இசைக்கு ஏற்றபடி படத்தை வெட்டி ஒட்டினார். அன்று இசைக்குப் பின்னால் ஓடிவந்த படத்தைத்தான் இன்று நடத்துநர் விரட்டிப் பிடிக்கிறார். மாமியார் ஒரு காலத்தில் மருமகள்தான்.

சிம்பல்காரர் வழுக்கைத் தலையர். நடுநடுவே முக்கோணக் கம்பியைத் தொட்டார்; ஆய்வு அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் முக்கால் மணியில் ஒரு பேருண்மை புலப்பட்டது. வாசிப்பவர்கள் நன்றாக வாசிக்க வாசிக்கக் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள். எண்பது பேரும் படத்துக்குள் கரைந்துவிட, மேடையில் மிஞ்சியவர் அவர் ஒருவரே. நிலவின் குறுக்கே சைக்கிள் பறக்கும் காட்சிக்குச் சற்று முன் அவர் எழுந்து நின்றார்.

“இப்ப ஏதோ நடக்கப் போகுது பாரு” என்று மனைவியிடம் குனிந்தேன். ஜிங் என்றது. திரும்புவதற்குள் தட்டுகளை நெஞ்சோடு அணைத்து நாதத்தை அடக்கிவிட்டிருந்தார்.

“படம் பார்க்க வந்தீங்களா, அந்த மனுஷனைப் பார்க்க வந்தீங்களா?” என்றாள் மனைவி.

ஆய்வின் முறையை அவளுக்கு விளக்கினேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்ததால் விளக்கம் பாதியில் நின்றது.

இறுதிக் கட்டத்தில் விடுவதில்லை என்று உறுதி பூண்டேன். பையன்கள் சைக்கிளில் தப்பி ஓடுகிறார்கள். போலீஸ்காரர்கள் சாலையை மறித்து நிற்கிறார்கள். வழுக்கைத் தலையர் எழுந்தார். தட்டுகளை எடுத்தார். கண்ணைக்கூட இமைக்கவில்லை நான். இசை ஏறிக்கொண்டே போயிற்று. சைக்கிள்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஐந்து பையன்கள், ஒரு கூடையில் போர்வை சுற்றிய அந்தப் பிறவி, கீழே வாய் பிளந்து நிற்கும் போலீஸ்காரர்கள்...

“அடிச்சாரே, பார்த்தீங்களா? என்னமா கையை விரிச்சார்!” என்றாள் மனைவி, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.