கியரு எகிறுதா, காலு எகிறுதா?

என்னலே மக்கா, மூஞ்சி சுண்டிப் போயிருக்கு? வண்டி கியர் எகிறுதா? ரெண்டுல போட்டு முறுக்குனா ‘கடக்’குன்னு கழண்டுக்கிட்டு இன்ஜின் மட்டும் கெடந்து கத்துதா? அதுக்கா ராத்திரி பூரா போன நோண்டிட்டுக் கெடந்த? சரி, என்ன சொல்லுதான் அதுல? ஒருத்தன் எண்ணெய மாத்துங்கான். இன்னொருத்தன் கியர்பாக்ஸ மாத்துங்கான். மூணாவது ஒருத்தன் வண்டியவே மாத்துங்கான். ஒருத்தனாவது உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டானாலே? எந்தக் கியரு, எப்பம் கழலுது, எங்கயாவது விழுந்தியா, இதுக்கு முன்னாடி எவனாவது இன்ஜினப் பிரிச்சானா? கேக்கல. கேட்டா அவன் பேசுததுக்கு நேரம் இருக்காதுலா.

தள்ளி நில்லு, வண்டியப் பாப்போம். ஏயப்பா! சைலன்சர மாத்தியிருக்க. கண்ணாடியக் கழட்டித் தூரப் போட்டிருக்க. டேங்குல புலி ஒட்டியிருக்க. பிரேக் லிவருக்குச் செவப்புச் சாயம். எல்லாஞ் சரி, இந்தச் செயினு கடைசியா எப்பம்லே எண்ணெயக் கண்டுச்சு?

சிரிக்காத. சோலி அங்கதான் ஆரம்பிக்குது. ‘எகிறுது’ன்னு வாரவன் எல்லாருக்கும் கியர்தான் எகிறுதுன்னு நெனச்சியா? செயினு தொங்கி, ஸ்பிராக்கெட் பல்லு கூராத் தேஞ்சு போனா, முறுக்குததும் செயினு பல்லு மேல ஏறிக் குதிக்கும். சத்தம் ‘கடக்’குன்னுதான் கேக்கும். ஆனா பின்னால இருந்து வரும். பின் ஸ்பிராக்கெட்டோட பின் கோடியில செயினப் பிடிச்சு இழுத்துப் பாரு. பல்ல விட்டு எந்திரிச்சு நடுவுல வெளிச்சம் தெரியுதா? அப்பம் கியர்பாக்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. செயின் செட்ட மாத்திட்டு ஊட்டுக்குப் போ.

அடுத்தவன் கிளட்ச். மேல் கியர்ல போயிட்டிருக்க. முறுக்குத. சத்தம் ஏறுது, வேகம் ஏறல. முறுக்கக் கொறச்சா மறுபடி பிடிச்சுக்கிடுது. லிவரு போட்ட எடத்துலயே நிக்குது. இது கிளட்ச் வழுக்குதது. கியர் கழண்டா இப்பிடிப் பைய வழுக்காது. ஒரே வெட்டு. காலுக்கடியில லிவர் துள்ளும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுறவே இருக்காது.

போன தடவ என்ன எண்ணெய் ஊத்துன? காருக்கு ஊத்துத ஒசந்த சரக்கா? காசு கூடக் குடுத்தா வண்டிக்குக் குளுந்துருமோ? கார்ல கிளட்ச் எண்ணெயில முங்கிக் கெடக்கல. உன் வண்டியில கெடக்கு. வழுக்கலுக்கு மருந்து கலந்த எண்ணெய ஊத்துனா பிளேட்டு வழுக்காம என்னலே செய்யும்? டப்பாவுல ஜாசோ எம்.ஏ.ன்னு போட்டிருக்கா, அத வாங்கு. எம்.பி.ன்னா ஸ்கூட்டருக்கு. அந்த ரெண்டெழுத்தப் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அதப் படிக்காதவன் வேற எதெல்லாமோ படிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கான்.

‘தாத்தா, பச்ச லைட்டு எரியல, அதனால நியூட்ரல் விழலயே’ங்க. லைட்டுக்கு என்னலே தெரியும்? உள்ள கியர மாத்துத டிரம்மு நியூட்ரல் எடத்துல வந்து நின்னாத்தான் அது எரியும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அந்தரத்துல தொங்குததெல்லாம் அதுக்குத் தெரியாது. இப்பிடித் தொங்குததுக்குப் பேரு ஃபால்ஸ் நியூட்ரல். லைட்ட நம்புத அளவுக்கு உன் காலயும் காதையும் நம்புனா என்ன?

சரி, செயினும் இல்ல, கிளட்சும் இல்லன்னு ஆயிட்டு. இப்பமாவது கியர்பாக்ஸுக்குப் போவமா? பொறு. காலுக்கு வா.

உன் செருப்பு... அது என்னலே, பூட்ஸா? தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் போயிட்டு வாரவனுக்கு இமயமலைக்குப் போற பூட்ஸ் எதுக்கு? முன்பாதம் ரெண்டு விரக்கடை தடிமன் இருக்கு. லிவருக்குக் கீழ எடம் எங்க இருக்கு? கால அது மேலயே போட்டுட்டுப் போறியா இல்லியா? உள்ளதச் சொல்லு. நம்மூரு லிவருக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு ரெண்டு மிதி. உங்க சித்தப்பன் ஸ்ப்ளெண்டர எடுத்துக்க. முன்னால மிதிச்சா கியர் ஏறும், குதிகாலால மிதிச்சா எறங்கும். பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போது குதிகால் பின்மிதியில பட்டா? லிவரு பாதி வழி போயி நிக்கும். கியரும் பாதி வழியில நிக்கும். ‘தானாக் கழண்டுட்டு’ன்னு வந்து நிப்ப. ஆடத் தெரியாதவ முத்தம் கோணல்னாளாம்.

மண்டையில கேமரா மாட்டியிருக்கியே, அது என்னத்தப் பிடிக்குது? ரோட்டயும் ஆட்டையும். ஒரு நாள் அதக் கழட்டி லிவரப் பாத்து மாட்டு. கழலும்போது கால் அசையுதா, லிவர் மட்டும் அசையுதான்னு தெரிஞ்சுபோவும். அதுக்கு முன்னால அந்தப் பூட்ஸக் கழட்டிட்டு ரெண்டு நாள் சாதாச் செருப்போட ஓட்டு. சொகமாயிட்டுன்னா எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு.

லிவர் தண்டுல மாட்டுத எடத்துல ஒரு போல்ட்டு இருக்கு பாரு. பிடிச்சு ஆட்டு. ஆடுதுலா? உள்ள பல்லுப் பல்லாக் கோடு இருக்கும். அது மழுங்கிட்டுன்னா நீ மிதிக்கிறது பூரா உள்ள போய்ச் சேராது. வண்டி எங்கயாவது சாஞ்சிருந்தா லிவரு வளைஞ்சு கேஸ்லயோ ஃபுட்ரெஸ்ட்லயோ இடிச்சுக்கிட்டு நிக்கும். இதுக்கு ஒரு ஸ்பானரும் ரெண்டு கண்ணும் போதும். இன்ஜின எறக்கணும்னு எவன் சொன்னான்?

இதுக்கெல்லாம் மசியலன்னா, பொறவு கேள்விக்கு வா. எந்தக் கியரு? எல்லாக் கியரும் எகிறுதுன்னா லிவரு, இல்லன்னா டிரம்ம ஒவ்வொரு எடமா நிறுத்துத சின்ன உருளையும் அதோட ஸ்பிரிங்கும். பெரும்பாலும் அது கிளட்ச் பக்கத்து மூடிக்குள்ளதான் இருக்கும். அந்த மூடியக் கழட்டுனாப் போதும். ஒரே ஒரு கியர் மட்டும் எகிறுதுன்னா சங்கதி உள்ள. டிரம்மு திரும்பும்போது கியரத் தள்ளுத கவைக்குப் பேரு ஃபோர்க். ஒரே ஃபோர்க் தள்ளுத ரெண்டு கியரும் எகிறுதுன்னா ஃபோர்க்கச் சந்தேகப்படு.

எப்பம் எகிறுது? இதுக்கு ஒரு பயலும் பதில் வச்சிருக்க மாட்டான். செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏத்தத்துக்குப் போ. பின்னால ஒரு தடியன ஏத்திக்க. எகிறுத கியர்ல போட்டு ஏத்து. இழுக்கும்போது கழலுதா? பொறவு திரும்பி எறங்கு. அதே கியரு, முறுக்க விட்டுட்டு இன்ஜின் பிடியில வா. அப்பம் கழலுதா? லாரி இல்லாத நேரமாப் பாத்துப் போ. எறக்கத்துல கழண்டா இன்ஜின் பிடி போயிரும். பிரேக்குல கைய வச்சுக்கிட்டே வா. பஸ்ஸ முந்தும்போது கழண்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? அதனாலதான் இதத் தள்ளிப் போடக் கூடாதுங்கேன்.

ஏத்தம் எறக்கம் எதுக்குக் கேக்கேன்? ரெண்டு கையையும் நீட்டு. விரல மடக்கி ஒண்ணோட ஒண்ணு கொக்கி போடு. இப்பம் இழு. இழுக்க இழுக்க இறுகுதா? விரலக் கொஞ்சம் நிமித்திட்டு இழு. வழுக்கிட்டுப் போவுதா? உன் கியர்பாக்ஸ்ல நடக்கிறது இதாம்லே.

கியர் மாத்தும்போது ஒரு சக்கரத்த எடுத்து இன்னொரு சக்கரத்துப் பல்லுல மாட்டுதோம்னு நெனச்சிட்டிருக்க. இல்ல. உள்ள எல்லாச் சக்கரமும் சோடி சோடியாக் கோத்துக்கிட்டேதான் எப்பவும் சுத்துது. சோடியில ஒண்ணு தண்டு மேல சும்மாச் சுத்தும். பக்கத்துச் சக்கரத்துக்கு விலாவுல தடித்தடியாக் கட்டை துருத்திட்டிருக்கும். அதுக்கு ‘டாக்’னு பேரு. ஃபோர்க் அந்தச் சக்கரத்தத் தள்ளிட்டுப் போயி சும்மாச் சுத்துததோட பள்ளத்துல கோத்துவிடும். அப்பந்தான் கியர் விழுது. அந்தக் கட்டையோட மொகத்தச் செங்குத்தா வெட்ட மாட்டான் கெட்டிக்காரன். சில டிகிரி உள்வாங்கி வெட்டியிருப்பான். அண்டர்கட். முறுக்க முறுக்க ஒண்ண ஒண்ணு உள்ள இழுத்துக்கிடும்.

அந்தக் கட்டையோட மூல மழுங்கி உருண்டு போச்சுன்னு வையி. முறுக்க முறுக்க வெளிய தள்ளும். அதத் தடுத்து நிக்கிறது யாரு? ஒல்லியான ஃபோர்க். கொஞ்ச நாள் நிக்கும். உரசி உரசி நுனி சூடேறி நீலம் பாரிச்சுப் போவும், வளையும். நீ லிவரு மேல கால வச்சுக்கிட்டே போனாலும் இதே கதிதான். பொறவு கியர் கழலும். ‘பல்லு தேஞ்சு போச்சு’ன்னு ஒருத்தன் சொல்லுவான். பல்லு அங்கன புதுசாவே இருக்கும். தேஞ்சது விலாவுல. அந்தக் கட்டைக்கு ரெண்டு மொகம். இன்ஜின் சக்கரத்த இழுக்கும்போது ஒரு மொகம் முட்டும். சக்கரம் இன்ஜினத் தள்ளும்போது மறு மொகம் முட்டும். ஏத்தத்துல மட்டும் கழண்டா எந்த மொகம்னு பிரிக்காமலே தெரிஞ்சு போச்சா? ரெண்டுலயும் கழண்டா ஃபோர்க்கயும் டிரம்மையும் பாக்கணும்.

ரெண்டாங்கியருக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து? ஒண்ணுல இருந்து ரெண்டுக்குப் போற வழியில நியூட்ரல் உக்காந்திருக்கு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வேக வித்தியாசமும் கூட. கட்டையும் பள்ளமும் பலமா மோதிக்கிடும். நீ என்ன செய்யுத? ரேஸ்காரன் கிளட்சப் பிடிக்காமலே கியர் போடுதத வீடியோவுல பாத்துட்டு, கடைத்தெருவுல காய்கறி வாங்கப் போகும்போது அதச் செய்து பாக்க. அவன் வண்டியில அதுக்குன்னு ஒரு சாமான் இருக்கு. கியர் விழுத நேரத்துக்கு இன்ஜின் பாரத்த அது அறுத்து விடும். உன் வண்டியில என்ன இருக்கு? புலி இருக்கு. பயந்து பயந்து நுனிக் காலால தொடுதவனும் இதே பாவத்ததான் செய்யுதான். முழுசா விழாத கியரு மூலையில மட்டும் தொங்கும். மூல மழுங்காம என்ன செய்யும்? கிளட்ச முழுசாப் பிடி, லிவரு முட்டுத வர மிதி, பொறவு விடு. இதுல என்னலே கவுரவக் கொறச்சல்?

பழைய புல்லட்டுக்காரன்கிட்ட இதச் சொன்னா சிரிப்பான். 1950-கள்ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச சங்கதி. நாலு கியரு, வலது கால்ல லிவரு. ஒண்ணு மேல, மத்தது கீழ. ஃபால்ஸ் நியூட்ரல் அதுல குடியிருக்க சொந்தக்காரன். நெச நியூட்ரலத் தேடவே தனியா ஒரு மிதி வச்சிருந்தான்னாப் பாத்துக்க. கியர்பாக்ஸ் தனி, இன்ஜின் தனி. கழண்டா ஒருத்தனும் கூப்பாடு போட மாட்டான். மூடியக் கழட்டுவான். ரெண்டு திருகுல நிக்கிற தகட்டக் கொஞ்சம் நகத்துவான். மேல போற வீச்சும் கீழ வார வீச்சும் சமமா வந்துட்டா மூடிப்புட்டு டீ குடிக்கப் போவான். இப்பம் இன்ஜினும் கியரும் ஒரே கேஸுக்குள்ள. அதப் பாக்கணும்னா பிஸ்டன் வர கழட்டி, கேஸ ரெண்டாப் பொளக்கணும். அதனாலதான் வெளிய பாக்க வேண்டியத முதல்ல பாருங்கேன்.

பொளக்குததுக்கு முன்னால எண்ணெய எறக்கு. காந்தத்த உள்ள விட்டு எடு. மையா, சேறா ஒட்டுனா அது காலாகாலத்துத் தேய்மானம். துண்டு துண்டா இரும்பு வந்தா இனிமே ஓட்டாத, வண்டிய ஆட்டோவுல ஏத்து.

பிரிச்ச பொறவு மெக்கானிக் பக்கத்துலயே நில்லு. போன நோண்டாத. மழுங்குன சக்கரத்தக் காட்டச் சொல்லு. மூலையில வெளிச்சம் பட்டா மினுமினுன்னு உருண்டு தெரியும். ஒண்ண மட்டும் மாத்துதேம்பான், விடாத. கட்டை இருக்கிறதும் பள்ளம் இருக்கிறதும் சோடியா மாறணும். ஃபோர்க்கும் நீலமா இருந்தா அதும் மாறணும். வெல்டு வச்சு ராவித் தாரேன்னு ஒருத்தன் வருவான். அவனுக்கு ஒரு கும்பிடு போடு. மேல்தோலுக்குத்தான் கடினம் ஏத்தியிருக்கான், ராவுனா அது போயிரும். பழைய சர்க்கிளிப்ப மறுபடி போட விடாத. வாஷர் எந்த வரிசையில இருந்துதுன்னு படம் எடுத்து வை. அதுக்குத்தான் உன் போனு ஆகும்.

என்னது, செலவு கூடுதா? வித்துப்புடுதேங்கியா? எகிறுதத வாங்குதவன்கிட்ட சொல்லாமலயா? நடத்து. புலி ஸ்டிக்கரக் கண்டு ஒரு சின்னப்பய மயங்குவான்தான். ஆனா அவன் வரும்போது தாத்தனக் கூட்டிட்டு வந்தாம்னா சோலி முடிஞ்சுது. கெழவன் புலியப் பாக்க மாட்டான். ‘தம்பி, நான் பின்னால உக்காருதேன், ரெண்டாங்கியர்ல அந்த ஏத்தத்துல ஏத்து’ம்பான். எறங்கி வந்த பொறவு வெல நீ சொல்ல மாட்ட. அவன் சொல்லுவான்.