கேள்வி-பதில்: சிங்கப்பூர் டு நியூயார்க்

கேள்வி: உலக வரைபடத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நூல் பிடித்து அளந்தேன். பசிபிக் கடல் மேலே நேர்கோடு வந்தது. அதுதானே குறுக்குவழி? (திருச்சி வாசகர்)

பதில்: நூல் சரி, காகிதம்தான் தப்பு! அதே நூலை உருண்டைக் குளோபில் இழுத்துப் பிடியுங்கள். நேராக வட துருவத்துக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கும். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி. கிட்டத்தட்ட எதிரும் புதிருமான தீர்க்கரேகைகள். அதனால் தூரத்தை மனக்கணக்காகவே போடலாம். துருவத்திலிருந்து சிங்கப்பூர் 88.6 டிகிரி, நியூயார்க் 49.4 டிகிரி. கூட்டினால் 138. டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலில் பூமியையே அளந்துவிடலாம். பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் விமானம் துருவம் வழியாகத்தான் போகிறதா? (மதுரை வாசகி)

பதில்: சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போது பெரும்பாலும் இல்லை. ஜப்பான் பக்கமாக ஏறிப் பசிபிக்கைக் கடக்கும். அங்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். அதைப் பின்னால் வாங்கிக்கொண்டால் வழி நீண்டாலும் நேரம் மிச்சம், எரிபொருளும் மிச்சம். காற்றைப் போலவே அரசியலும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 9 மணி நேரம் பறந்த விமானங்கள் 13 மணி நேரம் சுற்றிப் போயின. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன!

கேள்வி: சிங்கப்பூரில் நள்ளிரவையொட்டி ஏறினால் நியூயார்க்கில் விடிகாலையில் இறங்கலாமாமே. ஆறு மணி நேரம்தானா? (சேலம் வாசகர்)

பதில்: பறப்பது பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே. நியூயார்க் கடிகாரம் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கடிகாரத்தை ஏமாற்றலாம், முழங்காலை முடியாது. மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள்.

கேள்வி: நடுவில் நிற்காமல் பறக்கும் இந்த விமானத்தில் எகானமி டிக்கெட் உண்டா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஓட்டும் ஏ350-900 யூஎல்ஆர் ரகத்தில் கிடையாது. பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94, மொத்தமே 161 இருக்கைகள். எரிபொருளே 1,65,000 லிட்டர் வரை ஏற்ற வேண்டியிருப்பதால் ஆட்களைக் குறைத்தாக வேண்டும். கையைக் கடித்தால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் டிக்கெட்டைப் பாருங்கள். வயதானவர்களுக்குக் காலை நீட்டி நடக்க அதுவே நல்லது என்பேன்.

கேள்வி: அம்மா நியூயார்க்கில் வெள்ளி இரவு பத்தரைக்கு விமானம் ஏறுகிறார். சனி இரவு சாங்கி விமான நிலையத்துக்குப் போனால் போதுமா? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருப்பீர்கள், அம்மா! அவர் வந்து இறங்குவது ஞாயிறு விடிகாலை. பறக்கும் நேரமும் கடிகார வித்தியாசமும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை கைநழுவிப் போகும். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று இருக்கிறதா பாருங்கள். புறப்பட்ட தேதியோடு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அது. வீல்சேர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.