வெள்ளைக் கம்பி வீடு

1974இல் அப்பா சேலத்தில் வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அலுமினியம். தாமிரம் கப்பலேறி வர வேண்டிய பண்டம். அலுமினியமோ பக்கத்து மேட்டூரிலேயே உருகிக்கொண்டிருந்தது. சுவர் நெடுக ரீப்பர் அடித்து, தகரக் கிளிப் போட்டு, நூல் பிடித்தாற்போல் கம்பியை ஓட்டியிருந்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் காபியைத் தொட்டார்கள்.

கம்பிக்கும் பெரிய வேலை இல்லை. நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. பியூஸ் போனால் பெரியப்பா வருவார். மெல்லிசான பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தாமிர இழைகளைத் தடியாக முறுக்கிக் கட்டுவார். வீட்டிலேயே தாமிரம் இருந்தது அங்கேதான். அவ்வளவு இருக்கக் கூடாததும் அங்கேதான். அப்புறம் பியூஸ் போகவே இல்லை. பெரியப்பாவுக்குக் கைராசிக்காரர் என்று பேர்.

இன்று அதே வீட்டில் ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு. ஃபால்ஸ் சீலிங்குக்குத் தம்பி லட்சக்கணக்கில் கொட்டினான். அதற்கு மேலே ஓடும் கம்பியைப் பற்றிக் கேட்டால், "அது யார் கண்ணுக்குத் தெரியப் போவுது?" ஒரு ப்ளக் பாயின்ட் பழுப்பேறிக் கருகல் வாடை வந்த பிறகுதான் ஒயர்மேனுக்கு அழைப்பு போயிற்று.

கழற்றிப் பார்த்தவர் கம்பியைவிட முடிச்சுகளைத்தான் திட்டினார். அலுமினியம் மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூ அழுத்த அழுத்த நசுங்கி விலகும். சூட்டில் தாமிரத்தைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். லூஸான இடத்தில் ஆக்சைடு படியும், அது மின்சாரத்தை மறிக்கும், மறுபடி சூடு. போதாததற்கு யாரோ தாமிரக் கம்பியை நேராக அதோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஈரம் பட்டால் அந்த முடிச்சே அரித்துப்போகும்.

"மொத்தமா உருவிட்டுத் தாமிரம் போடுறதுதான் நல்லதுங்க."

தம்பி பாதிக்குத்தான் மசிந்தான். ஏசிக்கும் கீசருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மி.மீ. தாமிரம். ப்ளக் பாயின்ட்டுகளுக்கும் புதுக் கம்பி. மிச்ச அலுமினியத்துக்கு லைட்டும் ஃபேனும் மட்டும். முடிச்சுகளில் இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் கனெக்டர், தலைமாட்டில் 6 ஆம்பியர் எம்சிபி. எர்த் புதிதாக இறக்கி, வீடு முழுமைக்கும் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி.

அன்று சாயங்காலமே அத்தை தன் பழைய அயர்ன் பாக்ஸைச் செருகினார். தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும் பெட்டி அது. செருப்புப் போட்டுக்கொண்டு தேய்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். 'டக்'கென்று வீடே இருண்டது. திரும்பப் போட்டார். திரும்பவும் டக்.

"இத்தன வருசம் ஒரு தொல்லையில்லாம ஓடுன வீடுடா," என்றார். "அந்த ஆளு என்னத்தப் போட்டு வச்சானோ, ஒரு சட்டை தேய்க்க முடியல."