எடை கூடாத பத்து வருடம்

தேசியக் குடும்பநல ஆய்வை வடிவமைத்த புண்ணியவான்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். எந்த வயதுப் பிள்ளையை அளக்க வேண்டும், எந்த வயதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்ற நயம் அவர்களுக்குத்தான் கைவந்திருக்கிறது.

ஐந்து வயது நிறையும்வரை பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அக்கறையாக எடுக்கிறார்கள். பிறகு பத்து வருடம் அந்தப் பக்கமே வந்து தொந்தரவு செய்வதில்லை. என்ன பெருந்தன்மை! பிள்ளையின் கையில் சில்லறை புழங்குவது, பள்ளிக்கூட வாசல் கடையின் சிப்ஸ் பாக்கெட்டுகள் கண்ணில் படுவது, விளையாட்டுப் பீரியடை கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு திருப்பித் தராதது, மாலையில் டியூஷன், இரவில் செல்போன் எல்லாமே அந்தப் பத்து வருடத்தில்தான். அவ்வளவு வேலை இருக்கிற பிள்ளைமுன் எடைக்கருவியோடு போய் நிற்பது மரியாதையா?

பதினைந்து வயதானதும் மறுபடி வருகிறார்கள். இப்போது பாரபட்சமே கிடையாது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் அவளுடைய 49 வயதுப் பெரியம்மாவுக்கும் அதிக எடைக்கு ஒரே கோடு: உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 25. உலக சுகாதார நிறுவனத்துக்கு இந்தச் சமத்துவம் பிடிபடவில்லை. அதன் அட்டவணைப்படி 15 வயதுப் பெண் 23.5ஐத் தாண்டினாலே அதிக எடை. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இன்னும் கறார். 18 வயதில் 23ஐத் தொடும் கோட்டை 2015இல் வரைந்துவைத்தது. 15 வயதில் அது அதற்கும் கீழே. ஆக, பி.எம்.ஐ. 24 உள்ள பெண் டாக்டரிடம் போனால் அதிக எடை, ஆய்வின் கணக்கில் அளவான உடம்பு. பட்டினி வேண்டாம், வியர்வை வேண்டாம், ஒரு கிராம்கூடக் குறைய வேண்டாம். இப்படி இளைக்க வைக்கும் கைராசி எந்த வைத்தியருக்கு உண்டு?

2016–18இல் தேசிய அளவில் வேறொரு ஊட்டச்சத்து ஆய்வு, நாசூக்குத் தெரியாமல் 19 வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும் அளந்து தொலைத்தது. அதிகப்பிரசங்கித்தனம்!

குடும்பநல ஆய்வு அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் அதிக எடை 2015–16இல் 2.1 சதவீதம், 2019–21இல் 3.4. அளந்த இடத்தில் இப்படி ஏறிவிட்டது, பாருங்கள். 5 முதல் 14 வயதுவரை ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஏறுவதற்கு அந்த அறிக்கையில் அப்படி ஒரு வரியே இல்லை.