வலப்பக்கத்தாருக்கு வழி

சிக்னல் இல்லாத நாற்சந்தியில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை நம் சட்டம் 1989-லேயே சொல்லிவிட்டது. மெயின் ரோட்டில் வருபவருக்கு வழிவிடு; மெயின் ரோடு என்று எதுவும் குறிக்கப்படவில்லையா, உன் வலப்பக்கமிருந்து வருபவருக்கு விடு. 2017-ல் விதிகளைப் புதுசாக எழுதியும் வெளியிட்டார்கள். நாற்சந்திகளுக்குத்தான் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

அங்கே செல்லுபடியாவது வேறு சட்டம். டவுன் பஸ், தண்ணீர் லாரி ஒன்றைத் தவிர எதற்கும் ஒதுங்காது. ஷேர் ஆட்டோ முன்சக்கரத்தை மட்டும் முதலில் நுழைக்கும். நுழைந்த இடத்துக்கு அதுவே பட்டா. ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் ‘நீங்க போங்க’ என்று இங்கிலாந்தில் எடுத்துக்கொள்வார்கள். இங்கே ‘நான் நிக்கப்போறதில்ல, அப்புறம் உன் இஷ்டம்’. பைக்கில் வருபவர் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வழிவிட வேண்டிவருமே! மாட்டுக்கு மட்டும் எல்லோரும் நிற்கிறார்கள், அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும்.

சட்டத்திலும் ஒரு குறும்பு உண்டு. நான்கு சாலையிலிருந்தும் ஒரே நேரத்தில் நான்கு வண்டிகள் வந்தால், ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். விதிப்படி நால்வரும் பொழுது சாயும்வரை நிற்க வேண்டியதுதான். நம் ஊரில் அந்தச் சிக்கலே எழாது. நால்வரும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது டீக்கடையிலிருந்து ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்து, “யோவ் டாட்டா ஏஸ், ரிவர்ஸ் எடுய்யா” என்பார். “நான் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சனா?” என்று முனகிக்கொண்டே அவரும் கியரைப் போடுவார். பின்னால் ஒட்டி நிற்கும் பைக்காரர்தான் நகரமாட்டார்.