பிரசிடென்ட் மதினி

சித்திரை ஒன்று தமிழ்ப் புத்தாண்டு. ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை. இரண்டுக்கும் நடுவே ஜூலை ஒன்றாம் தேதி சத்தமில்லாமல் இன்னொரு வருஷம் பிறக்கிறது. அது பெண்கள் சேவைச் சங்கங்களின் வருஷம். பழைய தலைவி இறங்க, புதுத் தலைவி ஏறுவார். அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் கண்ணாடிக் கதவு திறக்கும்.

“கொழுந்தனாரே, பதவியேற்புக்கு ஒரு பேனர் அடிக்கணும். சதுர அடி என்ன ரேட்டு?”

“போன மாசம் உங்களுக்குப் போட்ட அதே ரேட்டுதான் மதினி.”

“போன மாசம் நான் வெறும் செகரட்டரி. இப்ப பிரசிடென்ட். பாத்துக் குறைங்க.”

பதவி ஏறினால் விலை இறங்க வேண்டும் என்பது மதினி கணக்கு.

எந்த மதினி என்று கேட்காதீர்கள். விருதுநகரில், சாத்தூரில், அருப்புக்கோட்டையில், சிவகாசியில் என்று எங்கும் இருக்கிறார். பருப்பு மண்டி, எண்ணெய் ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ், அச்சகம் என்று அண்ணாச்சிகளின் தொழில்தான் மாறும்; மதினி மாற மாட்டார். பட்டாசு ஆலையை ‘ஆபீஸ்’ என்று சொல்லும் ஊரில் சங்கத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்வாரா? அவருக்கு அதுவும் ஓர் ஆபீஸ்தான்.

மதினியின் கைப்பை ஒரு நடமாடும் மளிகைக்கடை. ரசீதுப் புத்தகம், கால்குலேட்டர், கோடாலித் தைலம், ஒரு கொத்து ஊக்கு, குத்துவிளக்குக்குத் திரி, உள்ளூர்த் தீப்பெட்டி ஒன்று, சுருட்டி வைத்த சிவப்பு ரிப்பன். இந்த ரிப்பனுக்கு வயது நாலு. நீர்மோர்ப் பந்தல் முதல் பள்ளிக்கூடக் கழிப்பறை வரை எத்தனையோ திறப்பு விழாக்களைப் பார்த்துவிட்டது. இன்னும் ஒரு அங்குலம் குறையவில்லை. கத்திரிக்கோலோடு வரும் சிறப்பு விருந்தினரின் காதில் மதினி மெதுவாகச் சொல்வார்: “வெட்டாதீங்க சார், முடிச்சு இருக்கு. இழுத்தா வந்துரும்.”

பேனரிலும் அதே சிக்கனம். சங்கத்தின் பெயர், சக்கரமோ தாமரையோ ஏதோ ஒரு சின்னம், ‘மாபெரும் இலவச’ என்ற இரண்டு சொற்கள், பிறகு ஒரு வெற்றிடம், கடைசியில் ‘முகாம்’. வெற்றிடத்தில் கண், பல், ரத்ததானம், மரக்கன்று என்று அந்தந்த மாதத்துக்கு ஏற்ற ஸ்டிக்கர் ஏறும். தேதி கிடையாது. இந்தியா முழுக்கச் சுவரில் தொங்கும் தேதியில் பெரும்பகுதியை அச்சடித்து அனுப்புகிற ஊரில், தேதியே இல்லாத பேனரை அடித்து வாங்கியவர் எங்கள் மதினி ஒருவர்தான்.

“தேதியில்லாட்டி எப்படி மதினி?”

“சேவைக்குக் காலம் நேரம் உண்டா கொழுந்தனாரே?”

தத்துவமும் சிக்கனமும் இப்படிக் கைகோத்து வரும்போது என்ன பதில் சொல்வது?

ஒருநாள் புரூஃப் பார்க்க உட்கார்ந்தவர், விழா மலருக்காகச் சங்கத்தின் பூர்வீகத்தை எழுதச் சொன்னார். நான் எழுதிப் படித்துக் காட்டினேன். 1923 நவம்பரில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில், மார்கரெட் கோல்டிங் என்ற அம்மையார் ரோட்டரிக்காரர்களின் மனைவிமார் 27 பேரைக் கூட்டினார். கூட்டம் நடந்த இடம் ஒரு துருக்கிக் குளியல் நிலையம். 1924 ஜனவரி 10-ல் இன்னர்வீல் சங்கம் பிறந்தது. கோல்டிங் அம்மையார் செவிலி மட்டுமல்ல, வியாபாரமும் செய்தவர்.

“அதானே பாத்தேன்” என்றார் மதினி. “வியாபாரம் தெரிஞ்சவங்க எதுக்குக் குளிக்கிற எடத்துல மீட்டிங் போடணும்? வாடகை கம்மியா இருந்திருக்கும்.”

மான்செஸ்டர் அம்மையாரை ஒரே நொடியில் விருதுநகர் மண்டிக்காரி ஆக்கிவிட்டார். யோசித்துப் பார்த்தால் தப்பும் இல்லை. அந்த 1923-ஐ ஒட்டித்தான் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் முதல் குச்சியை உரசினார்கள். சேவையும் வியாபாரமும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்காருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. விற்கிற சரக்கில் இத்தனை என்று பொதுக்காரியத்துக்கு எடுத்துவைக்கும் ‘மகமை’யில்தான் இங்கே கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் வந்தன. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில்தான்.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். “அந்தப் பிடி அரிசியை யாரும் போட்டோ எடுக்கல மதினி” என்றேன்.

மதினி கோபப்படவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“அன்னிக்குக் கேமரா இல்ல. ஆனா எந்த வீட்டு அரிசி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டா சொல்ல ஒருத்தர் இருந்திருப்பார். நம்ம ஊர்ல கணக்கு இல்லாம ஒருத்தரும் ஒத்தப் பைசா எடுத்துத் தர மாட்டாங்க. அன்னிக்கு நோட்டு. இன்னிக்குப் போட்டோ. போட்டோங்கறது ரசீது கொழுந்தனாரே.”

அன்றிலிருந்து, ஒரே ஒரு சக்கர நாற்காலியைப் பன்னிரண்டு கைகள் தொட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட ரசீது என்று தோன்றுகிறது. நாற்காலியில் உட்கார வேண்டியவர் மட்டும் படத்துக்கு வெளியே நிற்பார். அது வேறு விஷயம்.

கண் முகாம் கதையையும் சொல்லியாக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். அங்கிருந்து ஊர் ஊராகப் போய் நடத்தும் முகாம்களில் டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வரும். இடம், விளம்பரம், கூட்டம் சேர்ப்பது எல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பாடு. கண் முகாம்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. மதினி முதல் முகாமைப் புதன்கிழமை வைத்தார். மண்டபம் புதன்கிழமை மலிவு. வந்தவர்களை விட வரவேற்றவர்கள் அதிகம். மீந்த சந்தனம் ஒரு கிண்ணம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மதினி கிராமத்துச் சாலையில் நின்றார். ஆபீஸ் பஸ்ஸுக்குத் தூக்குவாளியோடு காத்திருந்த பெண்களிடம், “ஏம்மா, ஒருத்தரும் வரல?” என்றார். பெட்டிக் கணக்குக்கும் கட்டுக் கணக்குக்கும் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். ஒரு பாட்டி சொன்னாள்: “கண்ணைக் காட்ட வந்தா ஒரு நாள் கூலி போகும் தாயி. ஆப்பரேசன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா மூணு நாள் போகும். கண்ணு தெரியாட்டியும் கை தடவிப் பெட்டி ஒட்டிரும்லா?”

அடுத்த முகாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று நாள் கூலிக்கு மதினி நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். முதலாளி பேரம் பேச வாயெடுத்தார்.

“உங்க மக கல்யாணத்துக்கு மொய் எழுதினவ கேக்கேன் அண்ணாச்சி. மகமைக் கணக்குல எழுதிக்கோங்க.”

மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் யார் பேரம் பேச முடியும்? பாட்டி மதுரை போய்த் திரும்பி வந்தாள். வந்ததும் முதலில் பார்த்தது மதினியின் முகத்தை. “என்ன தாயி, இம்புட்டு வயசாயிருச்சா ஒனக்கு?”

மதினி அன்று ஒரு நாள் மட்டும் போட்டோ வேண்டாம் என்றார்.

சங்கக் காசில் ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது என்பது மதினி போட்ட சட்டம். முகாம் முடிந்து விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கினால், ஆளுக்கு எத்தனை தின்றார்கள் என்று எண்ணி அவரவர் கைப்பையிலிருந்து வசூலித்துவிடுவார். சால்னாவுக்கு மட்டும் கணக்கில்லை.

போன வருஷம் தையல் மிஷின் வழங்கும் விழா. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மேடை ஏறினாள். வெடி விபத்தில் புருஷனுக்கு இரண்டு கையும் வெந்துபோய், வீட்டில் இருக்கிறார். பேனரில் ‘தையல்’ ஸ்டிக்கர் பளபளத்தது. பன்னிரண்டு கைகள் மிஷினைத் தொட்டன. போட்டோகிராபர் “சிரிங்க” என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, இது கால் மிஷின். மோட்டார் போட்டுத் தந்தா நாளுக்கு ரெண்டு ஜாக்கெட் கூடத் தைப்பேன். மோட்டார் காசு நான் தாரேன். மாசம் அம்பது ரூவா.”

மேடை உறைந்தது. இலவசமாகக் கொடுப்பதை வாங்க வந்தவள் விலை பேசுகிறாளே என்று சிறப்பு விருந்தினர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மதினி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அண்ணாச்சிகள் மண்டியில் சரக்கைப் பார்ப்பது போல அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நூறு.”

“எழுபத்தஞ்சு அக்கா. அதுக்கு மேல முடியாது.”

“சரி, எழுதிக்கோ” என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

விழா முடிந்தது. நான் பேனரிலிருந்து ‘தையல்’ ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தேன். ரிப்பனைச் சுருட்டியபடி மதினி பக்கத்தில் வந்தார்.

“அந்தப் பொண்ணு பேரைக் குறிச்சு வைங்க கொழுந்தனாரே. நம்ம சங்கத்துல பொருளாளருக்கு ஆள் இல்லாம ரெண்டு வருஷமா கஷ்டப்படுதோம்.”